மெஸ்ஸினா ஜலசந்தியும் வானவழிப் பயணிகளும்

தில்லியிலோ கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ வாழும் நீங்கள், வெயில் ஏறிய ஒரு முற்பகலில் மொட்டை மாடிக்குச் சென்றபோது, தலைக்கு மேலே வட்டமிடும் பருந்துகளைக் கண்டிருப்பீர்கள். சற்று நின்று நோக்கினால் ஒரு விந்தை புலனாகும். அவை சிறகடிப்பதில்லை. விரித்த சிறகு விரித்தபடியே இருக்க, வட்டம் வட்டமாகச் சுழன்று மேலே மேலே சென்று ஒரு புள்ளியாகி மறைகின்றன. உடலை வருத்தாமல் உயரம் செல்லும் இந்தக் கலைதான் இன்று நான் கூறப்போகும் வரலாற்றுக்கு அடிப்படை. தில்லியின் பருந்துகள் அனைத்தும் அவ்வூரில் பிறந்தவை என்றும் எண்ணிவிட வேண்டாம். அவற்றுள் ஒரு பகுதி, குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வந்து, வேனில் தொடங்கியதும் திரும்பிச் செல்பவை. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

கதிரவன் நிலத்தைச் சுடும்போது எல்லா இடமும் ஒரே அளவாகச் சூடேறுவதில்லை. பாறையும் கட்டாந்தரையும் விரைவில் காய்கின்றன. தோப்பும் வயலும் மெல்லக் காய்கின்றன. சூடேறிய இடத்துக் காற்று இலேசாகித் தூண்போல மேலே எழுகின்றது. பருந்து, கழுகு, நாரை முதலிய பெரும் பறவைகள் அந்தக் காற்றுத் தூணுக்குள் புகுந்து, அதிலேயே சுழன்று, செலவின்றி உயரம் ஏறிவிடுகின்றன. உச்சியை அடைந்தபின், சரிவில் இறங்கும் வண்டியைப் போலத் தாம் செல்ல வேண்டிய திசையை நோக்கிச் சறுக்கிச் செல்கின்றன. உயரம் குறைந்ததும் அடுத்த தூணைத் தேடிக்கொள்கின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவை இப்படி ஏறியும் சறுக்கியுமே கடந்துவிடும் பறவைகள் உண்டு.

ஆனால் கடல் அவற்றுக்குத் தடை. பகல் வெயிலில் நிலத்தின்மேல் எழுவது போன்ற வலிய காற்றுத் தூண் நீர்ப்பரப்பின்மேல் எழுவதில்லை. அங்கே பறவை தன் சிறகின் வலிமையையே நம்ப வேண்டும். உடல் கனத்த பறவைக்கு இது உயிர்ப் போராட்டம். ஆதலால், இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும், இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் செல்லும் பெரும் பறவைகள், நடுவே கிடக்கும் மத்தியதரைக் கடலை நேராகக் கடக்கத் துணிவதில்லை. நாரைகளில் மிகப் பல மேற்கே ஜிப்ரால்டரையோ, கிழக்கே போஸ்பரஸ் ஜலசந்தியையும் சூயஸ் நிலப்பகுதியையுமோ சுற்றிச் செல்கின்றன. ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் பரந்து வந்த கூட்டங்கள் எல்லாம் ஒரு சில கிலோமீட்டர் அகலமுள்ள வாயிலுக்குள் நெருங்கிப் புகுகின்றன. புனலின் அகன்ற வாயில் ஊற்றிய எண்ணெய் அதன் கழுத்தில் ஒடுங்குவதைப் போன்றது இது.

மேற்கு வாயிலுக்கும் கிழக்கு வாயிலுக்கும் இடையே மூன்றாவது வாயில் ஒன்று உண்டு. துனீசியாவின் போன் முனையிலிருந்து சிசிலித் தீவின் மேற்குக் கரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நாரையைவிட உடல் இலேசான பருந்துகள் இத்தொலைவைச் சிறகடித்தே கடக்கத் துணிகின்றன. தீவை அடைந்ததும் அவை வடக்கும் கிழக்குமாகத் திரும்பி மலைத்தொடர்களின் மேல் எழும் காற்றைப் பற்றிக்கொண்டு தீவின் வடகிழக்கு மூலையை நோக்கிச் செல்கின்றன. அங்கேதான் இத்தாலியின் கலாப்ரியாக் கரையையும் சிசிலியையும் பிரிக்கும் மெஸ்ஸினா ஜலசந்தி இருக்கின்றது. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 3 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அக்கரை ஏறினால் அப்பால் ஐரோப்பா முழுதும் தடையற்ற நிலம்.

பழைய கிரேக்கர் இந்த நீர்வழியை அஞ்சினர். ஹோமரின் காவியத்தில் வரும் ஆறுதலை அரக்கி சில்லாவும், கடலை உறிஞ்சி உமிழும் காரிப்திசும் இந்த ஜலசந்தியின் இரு மருங்கும் இருந்தனர் என்று பின்னோர் இடம் குறித்தனர். ஒன்றுக்குத் தப்பினால் மற்றொன்றுக்கு இரையாக வேண்டும் என்பது கதை. அது மாலுமிகளுக்காகச் சொல்லப்பட்டது. பறவைகளைப் பொறுத்தவரை, 20ஆம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. சிசிலிக் குன்றுகளில் ஒரு துப்பாக்கி வரிசை. தப்பிக் கடந்தால் கலாப்ரியாக் குன்றுகளில் மற்றொரு வரிசை.

இவ்வழியே மிகுதியாகச் செல்லும் பறவை தேன்பருந்து. இதன் உறவினமான கீழ்த்திசைத் தேன்பருந்து நம் நாட்டில் பரவலாக உள்ளது. தமிழ்நாட்டுக் காடுகளிலும் தோப்புகளிலும் அதைக் காணலாம். பெயர் தேனைக் குறித்தாலும் ஐரோப்பியத் தேன்பருந்து விரும்பி உண்பது குளவிக் கூட்டின் புழுக்களையே. மண்ணைக் கிளறிக் கூட்டைத் தோண்டி எடுக்கும். கொட்டும் குளவியிடமிருந்து காக்க அதன் முகத்தில் செதில் போன்ற சிறு இறகுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் பகையாகக்கூட அதைச் சொல்ல முடியாது. குளிர்காலத்தை ஆப்பிரிக்கக் காடுகளில் கழித்து, ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் ஐரோப்பியக் காடுகளுக்குக் கூடு கட்டத் திரும்புகின்றது. அதனுடன் சேற்றுப் பூனைப்பருந்து, கரும்பருந்து, வல்லூறு வகைகள், கருநாரை, வெண்ணாரை என முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் இந்த வாயிலில் காணப்பட்டுள்ளன.

பறவைகள் பருவந்தோறும் எங்கே செல்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கொக்குகள் தொலைதேசம் செல்வதை அறிந்திருந்த அரிஸ்டாட்டிலே, தகைவிலான் முதலிய சில பறவைகள் பொந்துகளில் ஒடுங்கிக் குளிரைக் கழிப்பதாக எழுதினார். சிசிலியின் அரசராக வளர்ந்து ரோமானியப் பேரரசராக 1220ஆம் ஆண்டில் முடிசூடிய இரண்டாம் பிரடெரிக், பருந்து கொண்டு வேட்டையாடும் கலை பற்றி இலத்தீனில் எழுதிய பெருநூலில், கண்ணால் காணாததை ஏற்க மறுத்தார். பறவைகளின் போக்குவரவையும் அதற்குரிய பருவங்களையும் விரிவாக ஆராய்ந்தார். பிணந்தின்னிக் கழுகு இரையை அறிவது கண்ணாலா மூக்காலா என்று அதன் கண்களை மறைத்துச் சோதித்தவர் அவர். வேட்டையில் பெரும் பற்றுக்கொண்ட ஒருவரே பறவையை இவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது. வேட்டைக்காரர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது வரலாற்றுக்கு நீதியாகாது. பின்னர் 1822இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில், கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி தைத்த நிலையில் ஒரு வெண்ணாரை சிக்கியது. இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் அந்தப் பறவை, தான் சென்று வந்த நாட்டுக்குத் தானே சான்று சுமந்து வந்தது.

இனி மெஸ்ஸினாவுக்கு வருவோம். கடலைக் கடந்து களைத்த பறவை உயரத்தில் வருவதில்லை. எதிர்க்காற்று வலுத்த நாளில் மலைமுகட்டை உரசினாற்போலத் தாழ்ந்து வரும். ஜலசந்தியின் இரு கரை வேட்டைக்காரரும் தலைமுறை தலைமுறையாக இதை அறிந்திருந்தனர். முகடுகளில் கற்காரையால் பதுங்கு அறைகள் கட்டி அதனுள் காத்திருப்பர். வீட்டு மாடிகளிலிருந்தும் சுடுவர். உணவுக்காகச் சுட்டவர் உண்டு. பாடம் செய்து கூடத்தில் நிறுத்தியவரும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நம்பிக்கை இருந்தது. கலாப்ரியாவில் தேன்பருந்துக்கு ‘அதோர்னோ’ என்று பெயர். இளவேனிலில் ஓர் அதோர்னோவையேனும் வீழ்த்தாத ஆடவனுக்கு மனைவியால் மானக்கேடு நேரும் என்பது அந்த நம்பிக்கை. மனைவியால் வஞ்சிக்கப்பட்டவனைக் ‘கொம்பு முளைத்தவன்’ என்று நகைப்பது இத்தாலியர் வழக்கு. அந்த நகைப்புக்கு அஞ்சித் துப்பாக்கி எடுத்தவர் எத்தனை பேரோ! ஆடவரின் அச்சத்துக்குப் பறவைகள் விலை கொடுத்தன. இப்படிப்பட்ட மூடநம்பிக்கையைக் கேட்டு நாம் எளிதில் சிரித்துவிடலாம். ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெடுத்து எறிந்த வீதிகள் நம்மிடையிலும் இருந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. இத்தாலிய நாடாளுமன்றம் 1977ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றிய வேட்டைச் சட்டம், காட்டுயிர்களை நாட்டின் பொதுச் சொத்தாக்கி, இரைகொல்லிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. 1979இல் ஐரோப்பியச் சமூகம் பறவைகளுக்கென ஒரு பொது ஆணையைப் பிறப்பித்து, கூடு கட்டத் திரும்பும் பருவத்தில் வலசைப் பறவைகளை வேட்டையாடுவதைத் தடுத்தது. ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. முகட்டில் மட்டும் துப்பாக்கி ஓயவில்லை. ஊரே கூடிச் செய்யும் ஒன்றைக் குற்றம் என்று எழுதிவிடுவது எளிது. அந்த ஊரில் பிறந்த காவலர் தம் மாமனையும் மைத்துனனையும் பிடிப்பது அரிது.

இதற்கு முன்பு அமெரிக்காவிலும் இதே போன்ற நிலை இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்நாட்டு மலைமுகடு ஒன்றில், இலையுதிர் காலத்தில் வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் சுடப்பட்டன. அந்த மாநில அரசே 1929இல் ஒரு வகை வல்லூற்றுக்கு ஐந்து டாலர் பரிசு அறிவித்திருந்தது. கொன்று வரிசையாகக் கிடத்திய பறவைகளின் நிழற்படங்களைக் கண்டு மனம் கலங்கிய ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார், 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அது விலைக்கும் வாங்கப்பட்டது. மலைக்கு உரியவர் ஆனபின், வேட்டைக்காரரை வாயிலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. மெஸ்ஸினாவில் அந்த வழி இல்லை. காற்று மாறினால் பறவையின் பாதையும் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு மாறிவிடும். ஜலசந்தியின் இரு கரைக் குன்றுகளையும் யார் விலைக்கு வாங்குவது?

1981இல் மெஸ்ஸினா நகரத்துப் பெண் ஒருவர், அப்போது பதினைந்து வயதினர், குன்றின்மேல் பறவை பார்க்கச் சென்றார். அவருடைய கண்முன்னே 17 இரைகொல்லிப் பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அன்னா ஜொர்தானோ என்னும் அந்தப் பெண் அழுதுவிட்டு வீடு திரும்பியிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் மறுபடியும் மறுபடியும் குன்றுக்குச் சென்றார். சட்டத்தை நிறைவேற்றுமாறு அதிகாரிகளை விடாது வற்புறுத்தினார். 1984இல் இயற்கை ஆர்வலர்களின் துணையுடன் குன்றின்மேல் முதல் கண்காணிப்பு முகாமை அமைத்தார். முகாமினர் செய்த வேலை இரண்டு: கடந்து செல்லும் பறவைகளை எண்ணுவது, காதில் விழும் துப்பாக்கி வெடிகளை எண்ணுவது. பறவை மூவாயிரத்துக்குச் சற்று மேல். வெடி ஆயிரத்துக்கு மேல்.

வெடியையும் எண்ணியதுதான் இதில் நுட்பமானது என்பது என் கருத்து. பறவை குறைந்துவிட்டது என்றால், வேறு வழியாகச் சென்றிருக்கும் என்று மறுமொழி சொல்லலாம். ஒரு பருவத்தில், ஒரு குன்றில், சட்டம் தடுத்த காலத்தில், ஆயிரம் வெடி கேட்டது என்று நாளும் நேரமும் குறித்துக் காட்டினால் எந்த அதிகாரியும் மறுக்க இயலாது. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, நாள் முழுதும் காத்திருக்கும் பொறுமை.

எதிர்ப்பும் அதற்கேற்ப வந்தது. 1986இல் அவருடைய கார் தீயிட்டு எரிக்கப்பட்டது. சுட்டுக்கொன்ற பருந்து ஒன்று மிரட்டலுடன் அவருக்கு அஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு ஊராரே பகையானால், வெளியூரிலிருந்து வந்து போகும் ஆர்வலருக்கு இல்லாத துன்பம் அது. கடைக்குப் போனாலும் தெருவில் நடந்தாலும் எதிர்ப்பட வேண்டியது அதே முகங்கள்தாம். ஆயினும் முகாம் கலையவில்லை. இத்தாலியின் பிற பகுதிகளிலிருந்தும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும் இளைஞர் ஒவ்வோர் இளவேனிலிலும் வந்து குன்றுகளில் நின்றனர். அக்கரையிலும் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் இதே போன்ற முகாம்களை நடத்தினர். கள்ள வேட்டையைத் தடுக்கவென வனக்காவல் துறையின் தனிப்படையும் அந்தப் பருவத்தில் வரத் தொடங்கியது. 1992இல் வந்த புதிய சட்டம் இந்தக் குற்றத்துக்குத் தண்டனையை வகுத்துக் கடுமையாக்கியது. ஆக, 1977இல் எழுதப்பட்ட சட்டம் குன்றின்மேல் ஏறி வரப் பல ஆண்டுகள் ஆயின. அதைக் கைப்பிடித்து ஏற்றி வந்தவர்கள் சம்பளம் வாங்காத சிலர்.

1998இல் ஜொர்தானோவுக்கு ஐரோப்பாவிற்கான கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில், ஓர் இளவேனிலில் எண்ணப்பட்ட பறவைகள் முப்பதாயிரத்தைத் தாண்டின. துப்பாக்கி வெடிகளோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்திருந்தன. இந்தக் கணக்கை ஆராயாமல் வியக்கக் கூடாது. பறவைகள் பதினாறு ஆண்டுகளில் பத்து மடங்கு பெருகிவிட்டன என்று இதற்குப் பொருளன்று. எண்ணுவோர் பெருகினர், எண்ணும் இடமும் நாளும் பெருகின, பழக்கத்தால் கண் கூர்மையடைந்தது. ஆனால் வெடிகளின் கணக்கு அப்படியன்று. கேட்கும் காதுகள் பெருகியும் வெடி குறைந்தது என்றால், அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. கள்ளத் துப்பாக்கி அடியோடு அழிந்துவிடவும் இல்லை. காயம்பட்ட பருந்துகள் அதன் பின்னரும் மருத்துவத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

மெஸ்ஸினாவில் நிகழ்ந்ததற்கு நம் நாட்டிலும் ஓர் இணை உண்டு. நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் கரைகளில், ஆப்பிரிக்கா செல்லும் வழியில் அமூர் வல்லூறுகள் பெருங்கூட்டமாகத் தங்குகின்றன. 2012இல் அங்கு அவை வலை விரித்து இலட்சத்துக்கு மேற்பட்ட அளவில் பிடித்துக் கொல்லப்பட்ட செய்தி உலகுக்குத் தெரிந்தது. ஊர் மன்றங்களும் திருச்சபையினரும் அரசும் ஆர்வலர்களும் கூடிப் பேசினர். அடுத்த ஆண்டே, 2013இல், கொலை நின்றது. கடல் ஓரமும் இல்லை, காற்றுத் தூணை மட்டும் நம்பும் பறவையும் இல்லை. ஆனால் இயல்பு ஒன்றே. ஓரிடத்தில் குவியும் உயிரை அழிக்க ஒரு சில ஊர்கள் போதும். காக்கவும் அந்த ஊர்களே போதும். மெஸ்ஸினாவில் இருபது ஆண்டுகள் பிடித்தது நாகாலாந்தில் ஓராண்டில் கைகூடியதற்குக் காரணம், அங்கே ஊர் மன்றமே முன்வந்து ஊராரைக் கட்டுப்படுத்தியதுதான் என்று தோன்றுகின்றது.

மெஸ்ஸினாவில் துப்பாக்கி தணிந்தபின் வேறொரு கேள்வி எழுந்து நிற்கின்றது. சிசிலியையும் தலைநிலத்தையும் பாலத்தால் இணைக்க வேண்டும் என்பது இத்தாலியரின் நெடுநாள் விருப்பம். அதற்கென 1981இல், ஜொர்தானோ முதன்முதல் அந்தக் காட்சியைக் கண்ட அதே ஆண்டில், ஒரு நிறுவனமும் அமைக்கப்பட்டது. இடையே எத்தனையோ அரசுகள் திட்டத்தை எடுத்தன, கைவிட்டன, 2013இல் முற்றிலும் கைவிடப்பட்டது, 2023இல் உயிர்ப்பிக்கப்பட்டது. நடுவே தூண் இல்லாமல் 3,300 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பாலம். அதைத் தாங்க இரு கரைகளிலும் ஏறத்தாழ 400 மீட்டர் உயரக் கோபுரங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை ஆறு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் எட்டாது. எதிர்க்காற்றில் தாழ்ந்து வரும் பருந்தின் பாதையிலும், இரவில் ஒளியால் ஈர்க்கப்படும் சிறு பறவைகளின் பாதையிலும் அந்தக் கோபுரங்களும் வடங்களும் நிற்கும் என்பது பறவை ஆய்வாளரின் கவலை. தீவில் வாழும் மக்கள் படகுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கும் வேலைக்கும் செல்ல விரும்புவதும் நியாயமானதே. பறவைக்காக மனிதன் வழியை அடைப்பதா என்று கேட்பவரைப் பகைவராகக் கருத முடியாது.

2025 ஆகஸ்டில் இத்தாலிய அமைச்சர் குழு 1,350 கோடி யூரோ மதிப்பில் அந்தத் திட்டத்துக்கு இசைவு அளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்டின் தணிக்கை நீதிமன்றம் அந்த இசைவைப் பதிவு செய்ய மறுத்தது. இந்த வழக்காடலில் பறவைகளின் பக்கம் பேச வருவோர் கையில் இருப்பது பழைய குறிப்பேடுகளே. எந்த நாளில், எந்தக் காற்றில், எத்தனை பருந்துகள், எந்த முகட்டின் மேல், எவ்வளவு உயரத்தில் கடந்தன என்று, சுடுவோரைத் தடுப்பதற்காக 1984 முதல் குன்றின்மேல் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய கணக்கு அது.